எடை குறைப்பு அறுவை: பத்து வருஷக் கணக்கைத் தேடிப் படிப்பது எப்படி?

ஒரு தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலையில் பாதிப் படி ஏறியதும் அக்கா உட்கார்ந்துவிட்டார். மூட்டு வலி, மூச்சு வாங்கல், கூடவே இரண்டு வருஷமாக இனிப்புநீர். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 120 கிலோ. வீட்டுக்கு வந்ததும் "வயித்த வெட்டிச் சின்னதாக்கிக்கிறேன்டா தம்பி, எனக்குப் போதும்" என்றார். அடுத்த வாரமே ஒரு தனியார் மருத்துவமனையின் விளக்கக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். முன்-பின் படங்கள், கைத்தட்டல், இலவச கறிபாப், எல்லாம் இருந்தது. கடைசியில் நான் கைதூக்கி, "இந்தப் படத்தில் இருப்பவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். பேசிக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் டாக்டர் இல்லை. பட்டர்வொர்த்தில் கணக்கு எழுதுகிற ஆள். ஆனால் பதில் வராத கேள்விதான் முக்கியமான கேள்வி என்பது கணக்கு வேலையில் சீக்கிரமே புரிந்துவிடும். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் ராத்திரிகளில் உட்கார்ந்து தேடியதை, அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். அறுவை செய்யலாமா கூடாதா என்று இதில் சொல்லப்போவதில்லை, அது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் உள்ள விஷயம்.

படி 1: எந்த அறுவை என்று முதலில் தெளிவாகுங்கள்

எங்கள் வீட்டில் "பைபாஸ்" என்றாலே இதயம்தான். அக்கா பைபாஸ் பற்றி யோசிக்கிறார் என்று நான் சொன்னதும் ஈப்போவிலிருந்து சித்தி அழுதுகொண்டே போன் செய்தார். இங்கே பேசுவது கேஸ்ட்ரிக் பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கம் சின்னதாக ஒரு பை செய்து, அதை நேராகச் சிறுகுடலில் கொண்டுபோய் இணைப்பது. 1960-களிலிருந்து ஏதோ ஒரு வடிவில் செய்துவருகிறார்கள். ஸ்லீவ் என்பது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைப்பது. வெட்டியது திரும்பி வராது. இன்னொன்று பேண்ட், அதாவது இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு வளையம் போடுவது. ஒரு காலத்தில் எங்கும் பேசப்பட்டது, இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "எடை குறைப்பு அறுவை" என்று பொதுவாகத் தேடினால் இந்த மூன்றும் ஒரே சட்டியில் கலந்து வரும். ஸ்லீவ் முதலில் இரண்டு கட்ட அறுவை ஒன்றின் முதல் கட்டமாகத்தான் இருந்தது, தனி அறுவையாகப் பரவியது 2000-களில்தான். ஆக, ஸ்லீவுக்கு இருபது வருஷக் கணக்கு என்று யாராவது காட்டினால் அந்தத் தாளின் அடிக்குறிப்பு வரை படித்துப் பாருங்கள்.

ஒரு காகிதத்தில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அறுவை, யாருக்கு (வயது, பிஎம்ஐ எனும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, சர்க்கரை உண்டா), எது உங்களுக்கு முக்கியம் (எடையா, சர்க்கரையா, ஆயுளா, மூட்டா), எத்தனை வருஷம் கழித்து. அக்காவின் காகிதத்தில் "10 வருஷம்" என்று எழுதினோம். அப்போது அவர் மகள் பல்கலைக்கழகம் முடித்திருப்பாள், அதனால்.

படி 2: தேடுகிற இடம்

கூகுளில் நேராகத் தேடினால் முதல் பக்கம் முழுக்க மருத்துவமனை விளம்பரமும் பேக்கேஜ் விலையும்தான். பப்மெட் பக்கத்துக்குப் போங்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, இலவசம். தேடல் பெட்டியில் அறுவையின் ஆங்கிலப் பெயரைப் போடுங்கள்: ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி, அல்லது ரூ-என்-ஒய் கேஸ்ட்ரிக் பைபாஸ். அதோடு "லாங் டெர்ம்" அல்லது "டென் இயர்" என்று மேற்கோள் குறிக்குள் சேருங்கள். மேற்கோள் குறி இல்லாமல் போட்டால் அந்தச் சொற்கள் தனித்தனியாக எங்கோ இருக்கிற கட்டுரைகளும் வந்து கொட்டும். பக்கவாட்டில் வடிகட்டிகள் இருக்கும். அதில் "சிஸ்டமேட்டிக் ரிவியூ", "ராண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்" இரண்டையும் தட்டுங்கள். முன்னது பல ஆய்வுகளை ஒன்றாகச் சலித்துப் பார்த்தது. பின்னது ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது.

முழுக்கட்டுரை பணம் கேட்டால் பயப்பட வேண்டாம். "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" வடிகட்டி இருக்கிறது. அதிலும் கிடைக்காவிட்டால் ஆய்வாளருக்கே நாலு வரி மின்னஞ்சல் போடலாம், பலர் அனுப்பிவைக்கிறார்கள். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதன் கீழே உள்ள "சைட்டட் பை" பட்டியலைத் திறங்கள். ஐந்து வருஷ முடிவை வெளியிட்ட குழு பத்து வருஷ முடிவையும் வெளியிட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே மாட்டும். என்னைக் கேட்டால் எல்லா வடிகட்டியையும்விட இந்த ஒரு பட்டன்தான் அதிகம் உதவியது.

அடுத்தது கோக்ரேன் நூலகம். ஆய்வுகளைச் சலித்து, எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரித்துச் சொல்கிறவர்கள். சாதாரண மொழியில் ஒரு சுருக்கமும் போடுவார்கள், மலாய் மொழிபெயர்ப்பும் பல தலைப்புகளுக்கு உண்டு. உடல் பருமன் அறுவை பற்றிய அவர்களது 2014 தொகுப்பில் 22 ஆய்வுகள், 1,798 பேர். மருந்து, உணவுக் கட்டுப்பாட்டைவிட அறுவையில் எடை அதிகம் குறைகிறது என்பதுதான் முடிவு. அதே மூச்சில், பெரும்பாலான ஆய்வுகள் ஆட்களை ஒன்று முதல் மூன்று வருஷம் வரைதான் பின்தொடர்ந்தன என்றும் சொல்லிவிடுகிறார்கள். அக்கா கேட்டதோ பத்து.

படி 3: எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?

மற்றதையெல்லாம் தாண்டிப் போனாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

நூறு பேருக்கு அறுவை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் கழித்து நாற்பது பேர்தான் பரிசோதனைக்கு வந்தார்கள். அந்த நாற்பது பேரின் சராசரி நன்றாக இருக்கிறது, அதை எழுதிவிட்டார்கள். மீதி அறுபது பேர் எங்கே? சிலர் ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ மாறிப் போயிருக்கலாம், சிலர் நன்றாக இருப்பதால் வராமல் இருக்கலாம். ஆனால் எடை திரும்ப ஏறியவர்தான் டாக்டர் முகத்தில் விழிக்கக் கூசுவார். பள்ளியில் ரிப்போர்ட் கார்டு கொடுக்கிற அன்று யார் வரவில்லை என்று நினைத்துப் பாருங்கள். வந்தவர்களின் சராசரி எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் இருக்கும். கடன் திருப்பிக் கொடுத்தவர்களை மட்டும் எண்ணி "வாராக்கடனே இல்லை" என்று நான் கணக்கு எழுதினால் முதலாளி என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இது வெறும் சந்தேகமும் இல்லை. 2014-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு தொகுப்பு வந்தது. 7,371 ஆய்வுகளை எடுத்து, குறைந்தது இரண்டு வருஷம் கடந்து, குறைந்தது 80 விழுக்காட்டினரையாவது விடாமல் பின்தொடர்ந்தவை எத்தனை என்று பார்த்தார்கள். 29. ஆமாம், ஏழாயிரத்துச் சொச்சத்தில் இருபத்தொன்பது. அதைப் படித்த ராத்திரி மணி ஒன்றுக்கு மேல் இருக்கும், எழுந்து போய் ஒரு மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

ஆகவே கட்டுரை கையில் கிடைத்ததும் முடிவுரைக்கு ஓடாதீர்கள். முதலில் ஆட்கள் எண்ணிக்கை உள்ள அட்டவணையையோ பாய்வுப் படத்தையோ தேடுங்கள். தொடக்கத்தில் எத்தனை, ஒவ்வொரு வருஷமும் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். சில கட்டுரைகளில் வரைபடத்துக்கு அடியில் பொடி எழுத்தில் அந்த எண்கள் இருக்கும்: முதல் வருஷம் பெரிய எண், பத்தாம் வருஷம் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவு, ஆனால் மேலே உள்ள கோடு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல நேராகப் போகும். 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் நான் ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன், பாதிக்கும் கீழே போனால் சராசரியைப் படிக்கவே மாட்டேன்.

படி 4: விழுக்காடு, ஆனால் எதில்?

இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் ஏமாறுவது இங்கேதான். அக்காவையே வைத்துப் போடுவோம். 120 கிலோவிலிருந்து 30 கிலோ குறைந்தால் மொத்த எடையில் 25 விழுக்காடு. ஆனால் பல ஆய்வுகள் "கூடுதல் எடை"யில் விழுக்காடு சொல்லும். 165 சென்டிமீட்டருக்கு பிஎம்ஐ 25 என்றால் ஏறத்தாழ 68 கிலோ, கூடுதல் 52 கிலோ, அதில் 30 என்றால் 58 விழுக்காடு. அதே 30 கிலோதான், ஒரு தாளில் 25, இன்னொரு தாளில் 58. ஆசியர்களுக்கான 23-ஐ இலக்காக வைத்தால் அதுவே 52 ஆகிவிடும். இரண்டு ஆய்வை ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் கிலோவுக்கோ மொத்த எடை விழுக்காட்டுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள், கைப்பேசி கால்குலேட்டர் போதும்.

படி 5: விடாமல் பின்தொடர்ந்த சில ஆய்வுகளிலிருந்து தொடங்குங்கள்

முதலில் சுவீடனின் எஸ்.ஓ.எஸ் (ஸ்வீடிஷ் ஒபீஸ் சப்ஜெக்ட்ஸ்), பருமனானவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு. 1987-ல் தொடங்கியது, அறுவை செய்தவர்கள் 2,010 பேர், அவர்களோடு ஒப்பிட அறுவை செய்யாதவர்கள் 2,037 பேர். இது குலுக்கல் இல்லை. ஆட்களே விரும்பித்தான் அறுவைக்குப் போனார்கள், அதை மனத்தில் வையுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் மொத்த எடையில் 32 விழுக்காடு வரை இறங்கி, பத்தாம் வருஷத்தில் 25-ல் நின்றது. பேண்டுக்கு 20 வரை போய் 14-க்கு வந்தது. கொஞ்சம் திரும்ப ஏறும், ஆனால் பழைய இடத்துக்குப் போகவில்லை, இதுதான் வடிவம். ஆயுள் கணக்கு 2020-ல் வந்தது: அறுவை செய்தவர்கள், செய்யாத பருமனானவர்களைவிடச் சராசரியாக 3 வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள், ஆனால் பொது மக்களைவிட 5.5 வருஷம் குறைவாக. இதில் முதல் பாதியை மட்டும் சொல்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எஸ்.ஓ.எஸ்-இல் அறுவை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நடந்தது இரைப்பையைத் தைத்து வளையம் போடுகிற ஒரு பழைய அறுவை, இப்போது அதை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. "சுவீடன் ஆய்வில் நிரூபணம்" என்று சொல்லி ஸ்லீவ் விற்றால், எந்தச் சுவீடன், எந்த அறுவை என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் யூட்டா ஆய்வு பைபாஸுக்கு மட்டும். 418 பேர், 12 வருஷம், 90 விழுக்காட்டுக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள், அதனாலேயே எனக்குப் பிடித்த ஆய்வு. இரண்டாம் வருஷம் சராசரி 45 கிலோ குறைவு, பன்னிரண்டாம் வருஷம் 35 கிலோ குறைவு.

ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் நேருக்கு நேர் வேண்டுமென்றால் பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ். 240 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள், பத்து வருஷ முடிவு 2022-ல் வந்தது. கூடுதல் எடையில் குறைந்தது ஸ்லீவுக்கு 43.5 விழுக்காடு, பைபாஸுக்கு 50.7. வித்தியாசம் ரொம்பப் பெரிதில்லை. ஆனால் உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவில் 31 விழுக்காட்டினருக்கு, பைபாஸில் 7 விழுக்காட்டினருக்கு. எங்கள் வீட்டு விவாதத்தையே இந்த ஒரு வரி திருப்பிவிட்டது, ஏனென்றால் அக்காவுக்கு வருஷக்கணக்காக நெஞ்செரிச்சல். ராத்திரி மூன்று தலையணை வைத்துத்தான் படுப்பார், அது ஒரு நோய் என்றே நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

படி 6: சர்க்கரை "குணமாகிவிடும்" என்றால்

நம் ஆட்களுக்கு இது தனியாகவே வேண்டும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடம்தான் மிக அதிகம். எந்த வீட்டு பிரிட்ஜிலும் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இன்சுலின் இருக்கிறது.

எஸ்.ஓ.எஸ்-இல் சர்க்கரை இருந்து அறுவை செய்தவர்களில் இரண்டாம் வருஷம் 72 விழுக்காட்டினருக்கு அது தணிந்திருந்தது. பதினைந்தாம் வருஷம் 30. பெரிய இறக்கம்தான். ஆனால் அறுவை செய்யாதவர்களில் பதினைந்தாம் வருஷம் தணிந்திருந்தது 6.5 விழுக்காடு மட்டும், அதோடு கண், சிறுநீரகம், நரம்புச் சிக்கல்கள் அறுவை செய்தவர்களிடம் ஏறத்தாழப் பாதிதான். ரோமில் 60 பேரை வைத்துச் செய்த குலுக்கல் ஆய்வின் பத்து வருஷ முடிவும் (2021, லான்செட் மருத்துவ இதழ்) இதே திசையில்தான்: அறுவையில் 37.5 விழுக்காடு, மருந்தில் 5.5. அறுபது பேர்தான் என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் "ரெமிஷன்" என்று இருந்தால் அதன் விளக்கத்தைத் தேடுங்கள். எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை) எத்தனைக்குக் கீழே, மருந்து இல்லாமலா மருந்தோடா என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். தணிதல் என்றுதான் அதற்குப் பொருள், குணம் இல்லை. யாருக்குத் தணிய வாய்ப்பு அதிகம் என்று கணிக்க ஏபிசிடி ஸ்கோர் என்று ஒன்று தைவானிலிருந்து வந்தது: வயது, பிஎம்ஐ, சி-பெப்டைடு, எத்தனை வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை வந்து அதிக வருஷம் ஆகாதவருக்கும், கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கிறவருக்கும் வாய்ப்பு கூடுதல். கணையம் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டுவதுதான் சி-பெப்டைடு, ரத்தப் பரிசோதனைதான், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

படி 7: கெட்ட செய்தியையும் தனியாகத் தேடுங்கள்

எடைக் கட்டுரைகளில் சிக்கல்கள் ஒரு பத்தியில் முடிந்துவிடும். அதனால் "ரீஆபரேஷன்", "விட்டமின் டெஃபிஷியன்சி", "ஃப்ராக்சர்", "ஆல்கஹால்" என்ற சொற்களை அறுவையின் பெயரோடு சேர்த்துத் தனித்தனியாகத் தேடுங்கள்.

மேசையிலேயே போய்விடுவோமோ என்பதுதான் அம்மாவின் பயம். எல்.ஏ.பி.எஸ் என்ற அமெரிக்காவின் எடை குறைப்பு அறுவை ஆய்வில் 4,776 பேரில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு. நீண்டகாலத்தில் கவனிக்க வேண்டியது வேறு: இரும்பு, பி12, கால்சியம், டி விட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. அக்கா செவ்வாய், வெள்ளி சைவம், புரட்டாசி முழுக்க சைவம், பி12-க்கு அது தனிக் கவலை. பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று தலைக்கேறும். எல்.ஏ.பி.எஸ்-இல் மதுப் பிரச்சினை அறுவைக்கு முந்தைய வருஷம் 7.6 விழுக்காடு, இரண்டாம் வருஷம் 9.6. யூட்டாவிலேயே 2007-ல் வந்த இன்னொரு ஆய்வில், அறுவை செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் மொத்த இறப்பு 40 விழுக்காடு குறைந்தது, ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயில்லா இறப்புகள் 58 விழுக்காடு கூடின. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மனநலத்துக்கும் டாக்டர் இருக்காங்களான்னு கேட்டு எழுதிக்க" என்றார்.

படி 8: இங்கே பொருந்துமா?

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள். நமக்கு அதே பிஎம்ஐ-யில் கொழுப்பும் சர்க்கரையும் முன்னதாகவே வருகின்றன. அதனால்தான் 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அறுவைக்கு பிஎம்ஐ 35 என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஆசியர்களுக்கு 27.5 என்று கீழே இறக்கியது. ஆக, 28, 29-ல் இருக்கிற ஒருவர் எஸ்.ஓ.எஸ் எண்களை அப்படியே தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது, அவர்களது சராசரி 40-க்கு மேல். அக்காவுக்கு 44, ஓரளவு பொருந்துகிறது. நம் சுகாதார அமைச்சின் உடல் பருமன் வழிகாட்டியையும் பாருங்கள், இரண்டாம் பதிப்பு 2023-ல் வந்தது, இணையத்தில் இலவசம்.

விளம்பரத்தில் கேகேஎல்ஐயூ எண் இருந்தால் அது சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரியம் விளம்பரத்துக்குக் கொடுத்த அனுமதி. பத்து வருஷம் பலன் நிற்கும் என்பதற்கான சான்று இல்லை. அறுவை நிபுணரின் பெயரை தேசிய நிபுணர் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம், ஐந்து நிமிஷ வேலை.

படி 9: காகிதத்தோடு போங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த அத்தை மகளின் தோழியின் படம் வேண்டாம். கட்டுரையின் முதல் பக்கம், நீங்கள் போட்ட கணக்கு, கேள்விகள் எல்லாம் ஒரே தாளில். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: நீங்கள் செய்தவர்களில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் எத்தனை, அவர்களில் இன்னும் வருகிறவர்கள் எத்தனை, எத்தனை பேருக்கு மறுபடி அறுவை, நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஏன் ஸ்லீவ், ரத்தப் பரிசோதனை வருஷத்துக்கு எத்தனை தடவை, அதற்கு எவ்வளவு வெள்ளி.

முதலில் பார்த்த நிபுணர் "இவ்வளவு படித்தால் பயம்தான் வரும்" என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் தாளை வாங்கி முழுக்கப் படித்தார். "இரண்டு வருஷக் கணக்கு என்னிடம் கைவசம் இருக்கிறது, ஐந்து வருஷத்துக்குப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், வராதவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்" என்றார். அப்புறம் நெஞ்செரிச்சல் என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு, எண்டோஸ்கோபிக்கு எழுதிக் கொடுத்தார். அது அடுத்த செவ்வாய். அன்றைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன்.